கடிபட்ட கூப்பு

எங்கள் ஊர்க் காட்டைக் காடு என்று சொன்னால் மலையேறிப் பழகியவர்கள் சிரிப்பார்கள். ஒடுகத்தூருக்கு அப்பால், மலை தரையைத் தொடும் இடத்தில், எட்டுப் பாகமாக வகுத்த ஒரு புதர்க்காடு, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு பாகத்தை வெட்டுவார்கள். வெட்டும் பாகத்துக்குக் கூப்பு என்று பெயர். விறகும் ஆவாரம்பட்டையும் மாட்டுவண்டியேறி ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்குப் போகும். தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டியிருந்தால், அடுத்த மழைக்கு அடிக்கட்டைகளெல்லாம் துளிர்விடும். அந்தத் துளிர் ஆள் உயரம் வளரும்வரை உள்ளே ஓர் ஆடு நுழையக் கூடாது. அதற்காகச் சுற்றிலும் முள்வேலி, வேலிக்கு ஒரு படல், படலுக்கு ஒரு பூட்டு.

காடு சர்க்காருடையது, பார்த்துக்கொள்வது ஊர்ப் பஞ்சாயத்து. பார்த்துக்கொண்டது போதாது என்று ரேஞ்சர் எழுதிவிட்டால் காடு கைமாறிப் போகும். பிறகு அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கவும் அவரிடம் கைகட்டி நிற்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் என் பெரியப்பா.

அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அப்பா, அம்மா, நான், எல்லோரும் அவர் வீட்டில்தான் இருந்தோம். அப்பா ஆவாரம்பட்டை வாங்கி விற்றார். ஐந்தாவதாக அத்தை. பெரியப்பா, அப்பா இருவருக்கும் தங்கை. கணவர் இறந்தபின் கலவையிலிருந்து ஒன்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவள். நான் சொல்லும் சமயத்தில் அவை இருபத்துமூன்றாகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. வீட்டு ஓடுகளைக்கூட எண்ணி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் கூப்பைப் பார்க்கப் போன பெரியப்பா, திரும்பிவந்து கால்கூடக் கழுவாமல் முற்றத்தில் நின்று கத்தினார்.

"வடக்கால ஓரம் பூரா துளிரு கடிபட்டுக் கெடக்குது. இந்த ஊர்ல மந்தை வெச்சிருக்கிறது யாரு?"

கேட்டது கூரையைப் பார்த்து. பதில் தொழுவத்திலிருந்து வந்தது.

"என் ஆடு அந்தப் பக்கமே தலை வெக்கல, அண்ணே."

"ஆடு தலைய வெக்காதும்மா. வாயைத்தான் வெக்கும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அடுத்த வாரமே ரேஞ்சர் வருவதாக இருந்தது. மேய்ந்தது இன்னார் ஆடு என்று காட்டிவிட்டால் பஞ்சாயத்துக்குப் பழி இல்லை. காட்டாவிட்டால் காடு போகும். காட்டினாலோ ஆடுகள் சர்க்கார் பட்டியான பவுண்டுக்குப் போகும். பிறகு அவற்றைக் காட்டோரம்கூட மேய்க்க முடியாது. அத்தைக்கு உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்த மந்தை ஒன்றுதான்.

அன்றைக்கே பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதான் எண்ணுவியே, நல்லா எண்ணு. போகச்சே எத்தினி, வரச்சே எத்தினி, நடுவுல எங்க போச்சு. அத்தைகிட்ட மூச்சு விடாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு உளவு பார்க்கச் சொல்லும் பெரியப்பா யாருக்குக் கிடைப்பார்? புதருக்குப் புதர் பதுங்கி ஆடுகளின் பின்னால் போனேன். முதல் நாள் உச்சிப்பொழுதிலேயே அத்தை திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"இன்னாடா, எத்தினி இருக்குது?"

"இருபத்திமூணு."

"என்னையும் சேத்து எண்ணிக்க. நானுந்தான் உங்க ஊட்டுல மேயுறேன்."

ஆடுகள் ஓடைக்கரையோடு போய் ஓடைக்கரையோடு திரும்பின. கூப்பு இருந்த திசையில் ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் கடிபட்டிருப்பதாகப் பெரியப்பா சொன்னார். அத்தைமேல் எனக்குச் சந்தேகம் முற்றியது. மத்தியானம் நான் அசந்த நேரத்தில் ஓட்டிப்போய் மேயவிட்டு வருகிறாளோ? சோறு தின்றால் கண் செருகும் என்று அடுத்த நாள் மத்தியானச் சோற்றை விட்டேன். அப்போதும் ஆடுகள் ஓடைக்கரையைத் தாண்டவில்லை. அப்போதும் துளிர் குறைந்தது.

இதற்கிடையில் மேல்விஷாரத்திலிருந்து வழக்கமாக வரும் ஆட்டு வியாபாரி சாயபு வந்தார். ஆடு வாங்கி, கறியைக் கடைக்கும் தோலை மண்டிக்கும் கொடுப்பவர். ஓர் ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா இது, கூப்பு மேஞ்ச ஆடுன்னு ஊரே பேசுது. மேஞ்ச ஆடு இப்படியா இருக்கும்? எலும்புதான் ஜாஸ்தி, கறி கம்மி. இதுங்க உபவாசம் இருந்த மாதிரி கீதே!"

அத்தை சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. விலை குறைக்கப் பேசுகிறாரா, அத்தையைக் காப்பாற்றப் பேசுகிறாரா என்று அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

ரேஞ்சரிடம் கணக்காகச் சொல்ல வேண்டும் என்று, கடிபட்ட கட்டைகளை எண்ணிவரப் பெரியப்பா என்னைக் கூப்புக்குள் அனுப்பினார். அடுப்படிக் கதவோரத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். படலைத் திறந்து வடக்கு ஓரமாக எண்ணிக்கொண்டே போனேன். நுணா, புங்கு, வெட்பாலை, எல்லாம் வெட்டிய கட்டைகள், எல்லாவற்றிலும் துளிர் நுனி இல்லை. நாற்பத்தொன்றாவது கட்டை விராலி. அதிலும் நுனி இல்லை.

விராலி இலை கோந்து தடவியதுபோல ஒட்டும், வாயில் வைத்தால் கசக்கும். பசியில் துடிக்கும் ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆட்டோடு சுற்றிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். உட்கார்ந்து பார்த்தேன். ஆடு கடித்தால் நுனி நாராகப் பிய்ந்து நிற்கும். இது வழவழவென்று சாய்வாக இருந்தது. திரும்பிப்போய் மற்றக் கட்டைகளையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

ஓட்டமாக ஓடி, தொழுவத்தில் குட்டிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றேன்.

"அத்தே, விராலியும் போயிருக்குது. கடிச்ச மாதிரி இல்ல, கத்தியில அறுத்த மாதிரி!"

கயிற்றைப் பிடித்த கை நின்றது.

"வேலியில எங்கனா சந்து இருந்திச்சா?"

"இல்ல, சுத்திப் பாத்தேன்."

"பூட்டு?"

"நல்லாத்தான் இருக்குது. சாவி போட்டுத்தான் தொறந்தேன்."

அத்தை குட்டியின் காதை நீவினாள்.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல. பெரியப்பாகிட்ட சொல்லட்டா? உன் ஆடு இல்லன்னு ஆய்டும்!"

"சொல்லாத. என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தன்னைக் காப்பாற்றும் ஒரே சாட்சியின் வாயை ஒருத்தி தானே கட்டுவாளா? அப்படியானால் அவள் ஆடுதான் தின்றிருக்க வேண்டும், மந்தையில் விராலி தின்னும் ஆடு ஒன்று இருக்க வேண்டும். ஒரு கொத்து விராலியைப் பறித்து இருபத்துமூன்று ஆட்டுக்கும் நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் வாங்கவில்லை.

ரேஞ்சர் வருவதற்கு முன்னமே அத்தை சாயபுவுக்கு ஆள் அனுப்பினாள். அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெருக்கோடியில் மறையும்வரை பார்த்துவிட்டு, உள்ளே வந்து பெரியப்பாவின் எதிரில் நின்றாள்.

"மந்தை போய்ட்டுது, அண்ணே. இனிமே துளிரு கடிபட்டா, எந்த ஆடுன்னு நீங்களே தேடிக்கங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரேஞ்சர் வந்தார், பார்த்தார், மேய்ந்த ஆடுகள் ஊரைவிட்டுப் போய்விட்டன என்று கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். காடு எங்களிடமே தங்கியது. அதற்குப்பின் கூப்பில் ஒரு துளிரும் போகவில்லை. பார்த்தாயா, அத்தை ஆடுதான் என்று ஊர் சொன்னது.

இன்றைக்கு இதை எழுதும்போது எனக்குத் தெரிவது, சாவி எங்கள் வீட்டு ஆணியில் இருந்தது என்பதுதான். அத்தையும் நானும் போக, அங்கிருந்து அதை எடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர். தலைவர் வீட்டிலேயே ஆட்டு மந்தையா என்று ரேஞ்சர் ஒருமுறை பெரியப்பாவைக் கேட்டிருந்தார். அப்பாவுக்குப் பட்டை அடுக்க இடம் போதவில்லை, தொழுவத்தின்மேல் கண் இருந்தது. அத்தை ஆட்டோடு போய்விடுவதால் கிணற்றடி, அடுப்படி, எல்லாம் அம்மா தலையில் விழுந்தன. பெரியப்பா செய்தவரானால் என்னை ஏன் எண்ண அனுப்பினார்? அப்பா செடிகளை அறிந்தவர், விராலியில் கை வைப்பாரா? அம்மா வேலூர்ப் பட்டணத்தில் வளர்ந்தவள், அவளுக்கு எல்லா இலையும் ஒன்று. ஆனால் அவள் தனியே காட்டுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. அறுபது வருஷமாக எண்ணுகிறேன். எண்ணிக்கை மூன்றுக்கு மேல் ஏறவில்லை, மூன்றிலிருந்து இறங்கவும் இல்லை. ஆடு தின்னவில்லை என்று நிரூபித்திருந்தால் அந்த மூன்றில் ஒன்றை ஊர் நடுவில் நிறுத்தியிருக்க வேண்டும். அத்தைக்கு அது கயிற்றைப் பிடித்த கை நின்றபோதே புரிந்துவிட்டது.

கலவையில் நாத்தனார் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அவள் புறப்பட்ட அன்று நல்ல வெயில். அம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சிட்டுப் போ. தூரப் பயணம்."

"தாகமில்ல, அண்ணி. வர்றேன்."

துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வண்டி தெருக்கோடியில், செக்குக்காரர் வீட்டு வாசலில் நின்றது. அத்தை அந்த வீட்டு அம்மாளிடம் தண்ணீர் கேட்டாள். அண்ணாந்து, மூச்சுவிடாமல் ஒரு சொம்பு குடித்தாள். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியேறினாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"அத்தை பொய்யி சொல்லிச்சும்மா! தாகமில்லன்னுச்சே, அங்க போயி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுது!"

அம்மா இன்னும் மோர்ச் சொம்போடுதான் நின்றாள். எனக்குத் தருவாள் என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை, தானும் குடிக்கவில்லை. முற்றத்து ஓரம் போய் அப்படியே மண்ணில் கொட்டினாள். நல்ல மோர் வீணாய்ப் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்தது.