ராசி மட்டை

சயா இனி மைதானத்துக்கு வரமாட்டார் என்ற செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, என் மாமா மோஹிங்கா மீன் நூடுல்ஸ் கிண்ணத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருக்குப் பெண் தர மாட்டோம் என்று ஒரு வீட்டில் சொல்லி அனுப்பியபோதுகூட முழுதாகச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருத்தப்பட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தவுங்கூவிலிருந்து இன்சீன் ரயில்வே பட்டறைக்கு மாற்றலாகி வந்து, எங்களோடு தங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. ஹாக்கி விளையாடியவர் இல்லை. கல்லூரிப் பக்கம் படிக்கப் போனவரும் இல்லை. ஆனால் எங்கள் ரயில்வே குடியிருப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த கல்லூரியின் ஹாக்கி அணி அவருக்குச் சொந்தச் சொத்து மாதிரி. அந்த அணியைப் பழக்கியவர் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரர். எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவரின் மகன். இருபத்திரண்டு வருடங்களாகப் பர்மியப் பிள்ளைகள் அவரைச் ‘சயா’ என்று அழைத்துக் கைகட்டி நின்றார்கள். சயா என்றால் வாத்தியார். எங்கள் தமிழ் ஆட்களை ஊரில் இளக்காரமாக வேறு மாதிரிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அதனால் அந்த ஒரு வார்த்தைக்காகவே மாமாவும் பட்டறைக் கூட்டாளிகளும் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அன்று டீக்கடையில் எழவு வீட்டுக் கூட்டம். கல்லூரிக்காரர்கள்தான் அவரைத் துரத்திவிட்டார்கள் என்றார் ஒருவர். இனி இந்த அணி எல்லாரிடமும் உதை வாங்கும் என்றார் இன்னொருவர். கொதிகலன் பிரிவில் வேலை பார்த்த ஒருவர், இனி ஹாக்கியே பார்க்கப்போவதில்லை என்று சத்தியம் செய்து, ஒரு மணி நேரத்தில் அதை வாபஸ் வாங்கினார். கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து சயா வீட்டுக்குப் போனார்கள். நானும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கு ஒன்பது வயது.

சயா வாசலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் பேசி முடிக்கும்வரை ஊற்றினார். பிறகு சொன்னார்.

“ஏழு வருஷம் பாத்தாச்சுப்பா. போதும்.”

திரும்பி வரும்போது மாமா தலையில் அடித்துக்கொண்டார். “இருபத்திரண்டு வருசத்தை ஏழுங்குறாரே! மனுசனுக்குக் கணக்கே மறந்துபோச்சு.” எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. வாய்ப்பாட்டில் நான் அப்போது பதினாறு வரை போயிருந்தேன்.

சயாவைத்தான் நிறுத்த முடியவில்லை, ராசியையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று மாமாவுக்கு யோசனை வந்தது. ராசி என்பது ஒரு பழைய மட்டை. ஆட்டத்துக்கு மட்டுமில்லாமல் தினசரி பயிற்சிக்கும் சயா அதை எடுத்து வருவார். தான் உட்காரும் பெஞ்சில் பக்கத்தில் சாய்த்து வைப்பார். அதை வைத்து யாரும் விளையாடக் கூடாது. ஒரு முறை கோல் காக்கும் பையன் அவசரத்துக்கு அதை எடுக்கப்போய், சயா போட்ட சத்தத்தில் வெலவெலத்துப் போனான். அந்த மட்டை இருந்தால் அணி தோற்காது என்று குடியிருப்பில் எல்லாருக்கும் நம்பிக்கை. தோற்ற ஆட்டங்களும் உண்டு. அதற்கெல்லாம் நடுவர் காரணம்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் சுத்தியல், ஸ்பானர், அரம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து அடுக்குவோம். மாமா வந்த வருடத்திலிருந்து அந்த வரிசையில் இந்த மட்டையும் சேர்ந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள் மாமா போய்க் கேட்பார். சயா எடுத்துக் கொடுப்பார். மறுநாள் மாலை, சந்தனம் காய்வதற்குள் அவரே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருடம் பூஜைக்கு மறுநாளே சயாவுக்கு வழியனுப்பு விழா. மாமா மட்டையைத் திருப்பித் தரவில்லை. விழாவில் நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டார். எல்லார் முன்னாலும் வைத்து, இது அணிக்கே இருக்கட்டும் என்று கேட்டால் சயாவால் மறுக்க முடியாது என்பது திட்டம். இதைக் கேட்ட அப்பா, “வேணாம்பா, விட்டுரு” என்றார். ஏன் என்று மாமா கேட்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அப்பா பொதுவாகவே பேச்சில் சிக்கனக்காரர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மட்டை பார்க்கச் சகிக்காமல் இருந்தது. அழுக்கேறி, கறுத்து, கைப்பிடிக்குக் கீழே கத்தியால் கிறுக்கியதுபோல் கோடுகள். விழாவில் வைக்கிற பொருள் இப்படியா இருப்பது என்று மாமா உப்புத்தாள் இரண்டு துண்டு வெட்டி என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்து விளக்கு வைக்கிறவரை தேய்த்தேன். அழுக்கு சீக்கிரமே போனது. கோடுகள்தான் மல்லுக்கட்டின. வளைவு வளைவாக மூன்று கிறுக்கல். கடைசிக் கிறுக்கலின் தலையில் ஒரு குழி. அந்தக் குழி ஆழமாக இறங்கியிருந்தது. விரல் தோல் உரிந்தும் நான் விடவில்லை. மாமா வந்து தடவிப் பார்த்துவிட்டு, வார்னிஷ் அடித்து, மறுநாள் காலை வெயிலில் சாய்த்து வைத்தார். புது மட்டையே தோற்றுவிடும் என்றார்.

விழா மைதானத்து ஓரத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நடந்தது. பர்மியர்களின் விளக்குத் திருநாளும் அந்த வாரம்தான். பெரியவர்களை விழுந்து வணங்குகிற நாட்கள். பழைய மாணவர்கள், புது மாணவர்கள் எல்லாரும் பாயில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார்கள். எங்கள் ஆட்கள் சாமந்தி மாலை போட்டார்கள். சயாவுக்கு அடுத்த நாற்காலியில் அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் பெரியம்மா, உட்கார்ந்திருந்தார். எந்த ஆட்டத்துக்கும் வராதவர் அன்று வந்திருந்தார்.

மாமா பர்மியத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். பேச்சு நடுவில் அழுதும்விட்டார். பிறகு செய்தித்தாளைப் பிரித்து மட்டையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கை தட்டியது. “சயா போனாலும் சயாவோட ராசி எங்ககிட்ட இருக்கணும். இதை அணிக்குக் குடுத்துட்டுப் போங்க” என்றார்.

சயா மட்டையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பேசுவதற்கு முன்னால் பெரியம்மா எழுந்து, மாமாவின் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார். மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

“இது குடுக்குறதுக்கில்ல தம்பி.”

அவ்வளவுதான். மாமா அசடு வழியச் சிரித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. ஒரு பழைய மட்டைக்கு இவ்வளவா என்றார்கள் பட்டறைக் கூட்டாளிகள். அப்பாவைப் போன்ற மூத்தவர்கள் நாலைந்து பேர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் கட்டைவிரல் கைப்பிடிக்குக் கீழே போனது, திரும்பியது, மறுபடி போனது. நிலைமையைச் சமாளிக்க மாமா என்னை முன்னால் தள்ளினார்.

“எங்க அக்கா மகதான் தேச்சா. கண்ணாடி மாதிரி இருக்குல்ல?”

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். உரிந்திருந்த என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். “நல்லா தேச்சிருக்கடா கண்ணு” என்றார். அந்தப் பாராட்டை ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். மட்டையைத் தரவில்லை என்று மாமா அவர்மேல் கோபமாக இருந்த நாட்களில்கூட நான் பெரியம்மா கட்சி.

அந்தப் பருவத்தில் அணி நாலு ஆட்டம் தோற்றது. சயாவும் பெரியம்மாவும் மோல்மீனில் இருந்த சயாவின் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள்.

பர்மியப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் எனக்கு வாயில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. பதிமூன்று வயதில் கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி வைக்கச் சொன்ன அன்று பென்சில் என் கையில் நின்றுவிட்டது. அந்த மட்டையில் இருந்தது எழுத்தா என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

சயாவுக்கு ஒரே மகன். அதே கல்லூரி, அதே அணி. சயா விலகுவதற்கு ஏழு வருடம் முன்னால், அரசை எதிர்த்து மாணவர்கள் தெருவெல்லாம் கோஷம் போட்ட வருடம், ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனவன் வரவேயில்லை. எல்லை தாண்டிவிட்டான் என்றார்கள் சிலர். வேறு மாதிரிச் சொன்னவர்களும் உண்டு. வந்தால் வீட்டுக்கு முன்னால் மைதானத்துக்குத்தான் வருவான் என்று சயாவுக்கு எண்ணம். கல்லூரி பூட்டிக் கிடந்த காலத்திலும் சாயங்காலம் தவறாமல் அவன் மட்டையோடு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவன் பெயரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மட்டை எதற்கு என்று கேட்டவர்களுக்கு மூத்தவர்கள் ராசி என்று சொல்லிவைத்தார்கள். பிறகு வந்த மாமா மாதிரி ஆட்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

கத்தியால் அவனே செதுக்கிய பெயராம் அது.

மாமாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு எழுத நினைத்தேன், முகவரி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியாது.

விழா அன்று மரத்தடியில் பெரியம்மாவின் கட்டைவிரல் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நின்றது. புள்ளி இருந்த இடம். நான் பாயோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிராய் ஏதாவது குத்துகிறதோ, அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாமோ என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.