நாற்பத்தெட்டாயிரத்தில் பதிந்த குரல்

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கறுப்புக் கண்ணாடியும், டீக்கடைக்குப் போகும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்றாத ஹெட்போனும்தான் அவருடைய மொத்த இசை ஞானம்.

ஆடிக் கிருத்திகைக்காக என் அக்கா அங்கே ஒரு காவடிப் பாட்டுப் பாடினாள். அவர் அனுப்பிய பதிவில் அவள் குரல் மெதுவாக இழுபட்டு, ஆண்குரல்போலத் தடித்திருந்தது. அவரிடம் போனில் காரணம் கேட்டேன்.

"உங்க அக்காவுக்கு வயசாயிகினு வருதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

அக்கா அதை நம்பி, இனிமேல் பாடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். நான் அவளை இழுத்துக்கொண்டு நேரில் போனேன்.

"ஃபைல் பெருசுங்க. பாரம் தாங்காம மெதுவா ஓடுது," என்று அவர் இப்போது வேறு கதை சொன்னார்.

கணினியைப் பார்த்தேன். குரலை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துணுக்குகள் என்ற சாம்பிள் ரேட்டில் பதிந்துவிட்டு, மென்பொருளில் அதை நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று ஓடவிட்டிருந்தார்; அதனால்தான் குரல் இழுபட்டுத் தடித்திருந்தது.

"சாம்பிள் ரேட் தப்பா வெச்சிருக்கீங்க."

"சாமி பாட்டுக்குப் போய் ரேட்டு பேசறீங்களே சார்!"

நானே மாற்றினேன். அக்காவின் சொந்தக் குரல் அறையில் எழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியாம்மா? நம்ம ஸ்பீக்கர்ல எல்லார் குரலும் எடுப்பா இருக்கும்," என்று அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

"ஆங், ரொம்ப நன்றிங்கண்ணா," என்று அக்கா அவரைக் கும்பிட்டாள்.

அவர் பொய் சொன்னாரா, இல்லை நிஜமாகவே அவர் காதில் வித்தியாசம் விழவில்லையா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. எதுவாக இருந்தாலும், அந்த ஊரின் பாதிக் காவடிப் பாட்டு அந்தக் காதைத் தாண்டித்தான் மலையேறுகிறது.