படகேறும் நாளில் குடிக்காத தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வன்னி, கொழும்பு, கட்டார் என்று ஓரிடத்திலும் வருடக்கணக்கில் நின்றதில்லை. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்றதும் எழுவைதீவுக்குத் திரும்பினேன். அவளுக்கு வேறு ஆளில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை படகிலும் பஸ்ஸிலும் யாழ்ப்பாணம் கூட்டிப்போய் மருந்து ஏற்ற வேண்டும். இடையில் நான் எங்கும் போக முடியாது.

ஏற்றுவது இரண்டு மருந்து. ஒன்று சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று தாதி சொல்லியிருந்தார். மற்றது சைக்ளோபொஸ்பமைட். புற்றைச் சுருக்கும், ஆனால் அதன் கழிவு சிறுநீர்ப்பையில் தேங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியேற்ற வேண்டும்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் எங்கள் தீவுப் பெண்கள் படகேறும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்கப் படகில் மறைப்பு இல்லை. காலையிலிருந்து பின்னேரம் வரை வாயை நனைப்பார்கள், அவ்வளவுதான். மருந்து ஏற்றிய நாளிலும் அவள் அப்படியே இருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் கக்கூசுக்குள் முனகல் கேட்டது.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. அந்தச் சிவப்பு மருந்து இன்னும் போகுது."

"நாலு நாளாவோ?"

"எரியுது. கட்டிகட்டியாயும் விழுது."

அது மருந்தில்லை, இரத்தம். அன்று காற்றுக் கடுமை, படகு ஓடவில்லை. எதிரே, படகு போய்ச் சேரும் ஊர்காவற்றுறை கண்ணுக்குத் தெரிந்தது. இறங்குதுறைக்கும் வீட்டுக்குமாகப் பகல் முழுக்க நடந்தேன்.

மறுநாள் படகில் தண்ணீரை நீட்டினேன்.

"குடியணை."

"விசரா, இவ்வளவு சனம் இருக்கு. பிறகு எங்க போறது?"

படகோட்டி கேட்டுவிட்டார். "நீர் குடியும் பிள்ளை. நாங்கள் முன்னுக்குத்தான் பாப்பம். பின்னுக்கு மீன்தான் பாக்கும்."

அக்கா சிரித்தாள். குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையைக் கழுவினார்கள். டொக்டர் அடுத்த முறை மருந்து ஏற்றுவதைத் தள்ளிவைத்தார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் அக்கா.

"முதல்ல இரத்தம் நிக்கட்டும்."

"அதுக்குள்ள மற்றது வளராதோ?"

அவர் அவளுடைய மருந்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி குடியுங்கோ அம்மா," என்றார்.

பார்வையாளர் நேரம் முடிந்தது. பெண்கள் வார்ட்டில் நான் நிற்கக் கூடாது. கதவடியில் திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கோப்பை தண்ணீர் முடித்துவிட்டு மூன்றாவதை ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கீழே குழாயோடு தொங்கிய பையில் இன்னும் சிவப்புத்தான்.