முந்திரிக் காட்டுக்குத் தனிமை தேடிப் போனது

தொண்ணூற்றெட்டு வாக்கில் நான் எழுதிய கதைகளின் நாயகர்கள் எல்லோரும் தனிமையானவர்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான்; ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பான். பெரம்பலூரில் ஏதய்யா இத்தனை மழை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாசகர் என்று ஒருவராவது இருக்கவேண்டுமே.

ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் மட்டும் என் கதையைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இவன் தனியா இருக்கற மாதிரி தெரியலங்க. வூட்டுல கோவிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான், அவ்ளோதான். சரிபண்ணிக் குடுங்க, போட்டுடலாம்." என் பெயர் முதன்முதலாக அச்சில் வருவது அந்த ஒருத்தன் ஒழுங்காகத் தனியாவதில்தான் இருந்தது.

எனக்கோ தனிமையோடு பழக்கமே இல்லை. எங்கள் வீட்டில் குளியலறைத் தாழைப் போடுமுன்பே "உள்ள யாரு?" என்று கதவு தட்டப்படும். சரி, நேரில் பார்த்துவிட்டே வருவோம் என்று ஒரு சித்திரை மாதம் பஸ் ஏறினேன். ஆண்டிமடம் தாண்டி ஒரு முந்திரிக் காட்டருகே இறங்கி, தோள்பையோடு மரத்தடியில் உட்கார்ந்து வானத்தை வெறிக்கத் தொடங்கினேன்.

பழம் உதிர்கிற காலத்தில் முந்திரி மரத்தடியில் உட்காருகிறவனை அந்த ஊரில் கவிஞன் என்று நினைக்கமாட்டார்கள். கையில் கழியோடு காவல்கார அம்மா வந்து நின்றார்.

"பையத் தொற."

திறந்தேன். வெள்ளைத் தாளும் பேனாவும்.

"முந்திரிக்கொட்ட எங்க?"

"எடுக்கலக்கா. சும்மா தனியா இருக்கலாம்னு வந்தேன்."

"தனியாவா? அதுக்குப் போயி டிக்கெட் எடுத்துக்கிட்டா வருவாங்க?"

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சீசன் முடியும்வரை காட்டுக்குள்ளேயே ஒரு குடிசையில் ஒண்டியாகக் காவல். மகன் திருப்பூரில். மருமகள் சாம்பாரில் புளியே போடுவதில்லை. ஆடு ஒன்றுக்குக் கால் சரியில்லை. மூச்சு விடாமல் பேசினார். நான் தேடி வந்த தனிமை இப்படிப் பாழாகிறதே என்று எனக்கு எரிச்சல். எழுந்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா."

"நில்லு தம்பி. பைய நான் சரியா பாக்கல."

மறுபடி பார்த்தார். அதே தாள், அதே பேனா. பார்த்தபடியே மருமகளின் தங்கை கல்யாணக் கதைக்கு வந்துவிட்டார். ஒருவழியாக விடுபட்டு நாலு எட்டு வைத்திருப்பேன்.

"தம்பி, சைடுல ஒரு ஜிப்பு இருக்குல்ல?"

ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உள்ளே பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

நான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். "புளியில்லாம எப்படிக்கா சாம்பாரு?" என்றேன். அவ்வளவுதான், இன்னும் இரண்டு பஸ் போயிற்று.

அதற்கடுத்த பஸ்ஸில் தாளை மடியில் வைத்து, என் கதை நாயகனை ஜன்னலோரத்திலிருந்து இழுத்துத் தெருவில் விட்டேன். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் அவன் எதிரே வந்தவரை நிறுத்தி மணி கேட்டான். அவர் சொல்லிவிட்டு நகர்ந்ததும், பின்னாலேயே போய், உங்க கடிகாரம் சரியா ஓடுதுங்களா என்று கேட்டான்.