தாரா, வச்சதா?

கார் கழுவி முடிந்ததும் குமுதா உடனே துணியை எடுப்பதில்லை. முதலில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள். சக்கரங்களுக்குப் பின்புறம், கதவுகளின் அடிப்பக்கம், பம்பரின் மூலை என்று குனிந்து குனிந்து பார்க்கிறாள். கருப்பாக ஒரு புள்ளி தட்டுப்பட்டால் காரின் சொந்தக்காரரைக் கூப்பிடுகிறாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வந்து பாருங்க. இது தாரா, வச்சதா?"

பாதிப் பேருக்குக் கேள்வியே விளங்குவதில்லை. கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "என்னாக்கா?" என்பார்கள். சீனர்கள் வந்தால் மலாயில் கேட்பாள்: "இனி தார் கே, செங்ஙாஜா?" தார்தானா, வேண்டுமென்றே வைத்ததா என்று. தன் காரில் தானே எவனாவது கரும்புள்ளி வைப்பானா என்று போன வாரம் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். குமுதா சிரிக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு பதில் வரும்வரை காத்திருந்தாள்.

மேரு என்ற ஊரில் லோரிகள் ஓயாமல் ஓடும் ரோட்டோரத்தில் இருக்கிறது அந்தக் கடை. தகரக் கூரை, தரையெல்லாம் நுரை. முதலாளி விஜயன். நுரையடிக்கவும் துடைக்கவும் வங்காளதேச ஆட்கள் இருக்கிறார்கள். தார் எடுப்பது மட்டும் குமுதாவின் வேலை. எங்காவது ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் அந்த மாதம் அவளுக்கு முதுகு நிமிர நேரமிருக்காது. குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலாலேயே தள்ளிக்கொண்டு காரைச் சுற்றி வருவாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் புள்ளியின் மேல் அப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாராவது அவசரப்படுத்தினால், "ஊறணும் பாஸ். சொரண்டுனா பெயிண்டும் கூடவே வந்துரும் லா" என்பாள். ஊறிய தார் பழுப்பாகக் கரைந்து துணியில் இறங்கும்போது, பிள்ளைக்கு நெஞ்சுச் சளி வெளியேறிவிட்டதைப் பார்த்த தாயின் நிம்மதி அவள் முகத்தில் தெரியும். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு.

கையுறை போடச் சொன்னால் கேட்கமாட்டாள். விரலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம் என்பதால் மத்தியானச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவாள். "தொரசாணி சாப்புட வந்துட்டாங்க" என்று விஜயன் தினமும் கிண்டல் செய்வார். "என் கைய மோந்து பாத்துட்டுப் பேசுங்க" என்று தினமும் அதே பதில். கணவர் தவறிய பிறகு இந்த வேலைக்கு வந்தவள். நெற்றியில் திருநீற்றுக் கீற்றைத் தவிர வேறொன்றும் வைப்பதில்லை.

அந்தக் கேள்வி அவளிடம் முன்பு கிடையாது. கருப்பாக எது இருந்தாலும் தார்தான். ஒரு புள்ளி விடாமல் எடுத்துவிடுகிறோம் என்பதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை.

ஒரு நாள் தம்புசாமி என்ற பெரியவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தம் வெள்ளை சாகா காரை விட்டுவிட்டு எதிர்க்கடையில் தேநீர் குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவரைக் குமுதா பின்கதவுப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினாள்.

"எல்லாம் சுத்தமாப் போயிருச்சு அங்கிள். இங்க ஒண்ணு மட்டும் வீம்பு புடிச்சுது. எவ்வளவு ஊற வச்சும் அசையல. கடைசியில பழைய கார்டு ஒண்ண வச்சு நெம்புனேன், முழுசா வந்துருச்சு."

பெரியவர் அந்த இடத்தைக் கையால் தடவினார். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அது தாரு இல்லம்மா. வள்ளியம்மா வச்ச பொட்டு."

கார் வாங்கிய புதிதில் அவர் மனைவி வைத்த திருஷ்டிப் பொட்டு அது. மை வைத்தால் மழையில் போய்விடும் என்று, வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கருப்பு பெயிண்டைத் தொட்டு வைத்திருக்கிறார். "கிட்டப் போயி பாத்தா அவ வெரல் ரேகை தெரியும்" என்றார் தம்புசாமி. அந்த அம்மாள் இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

குமுதா சாக்கடை மூடியைத் தூக்கித் தேடினாள். குழாய்த் தண்ணீர் எப்போதோ எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது காரும் போயிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளை சாகா எது உள்ளே நுழைந்தாலும் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவர் வரவில்லை. எதிர்க்கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

சென்ற மாதம் அந்த ரோட்டுக்கு மறுபடியும் தார் போட்டார்கள். ஒரு மத்தியானம் தம்புசாமி வந்தார். காரின் இடுப்புக்குக் கீழே அம்மை போட்டது போல் கரும்புள்ளிகள். குமுதா எழுந்து காரருகே போனாள். சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் புள்ளியைக் காட்டினாள்.

"அங்கிள், இது தாரா, வச்சதா?"

"தாரு."

"இது?"

"தாருதாம்மா."

விடாமல் கேட்டாள். அவரும் பின்னாலேயே குனிந்து குனிந்து பதில் சொல்லிக்கொண்டு வந்தார். இடையில் நின்று அவளைப் பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் இப்புடித்தான் கேக்கிறியா?"

"ஆமா அங்கிள். அன்னிக்குக் கேக்கல."

அவர் அடுத்த புள்ளிக்குக் குனிந்தார். வேலை முடிந்தது. கார் பளிச்சென்று நின்றது. பின்கதவின் அடியில் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மொட்டையா இருக்கும்மா. நானும் வச்சுப் பாத்தேன், மனசு ஒப்பல, தொடச்சிட்டேன். நீ ஒண்ணு வையி" என்றார்.

குமுதா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் வைக்கக் கூடாது அங்கிள். என் வீட்டுக்காரரு இல்ல. யாராச்சும் சுமங்கலிய வைக்கச் சொல்லுங்க."

"எடுத்த கைதானேம்மா" என்றார் அவர். "வையி."

குமுதா எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். பாவாடையில் துடைத்தாள். சக்கர வளைவுக்குள் கையை விட்டு, அங்கே ஒட்டிக்கிடந்த இளகிய புதுத் தாரிலிருந்து கொஞ்சம் மோதிர விரலில் எடுத்தாள். கதவின் அடியில், நெம்பி எடுத்த அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். பின்னால் அடுத்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். அவள் விரலை எடுக்கவில்லை. தார் இறுகி ரேகை பதியும்வரை அப்படியே குந்தியிருந்தாள்.