பதினேழாம் சாறு

சோதனைச் சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கியபோது, என் கைப்பையில் பழுப்பு நிறச் சாறு நிரம்பிய ஒரு சின்னப் போத்தல் இருந்தது. ஆய்வுகூடத்திலிருந்து களவாக எடுத்துவந்தது.

யுத்த காலம். கண்டி நகரத்து மஹய்யாவவிலிருந்து தினமும் போய், கண்டிக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே ஆய்வை நடத்திய எங்கள் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்காட்டு இலைகளையும் பட்டைகளையும் சாறாக்கி, எயிட்ஸ் கிருமியை எது அடக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். கிருமியை வைத்துச் சோதிக்க இங்கே வசதியில்லை. சாறுகளை உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருப்போம். ஒருநாள் பதில் வந்தது: பதினேழாம் சாறு பட்ட உயிரணுக்களில் கிருமி பெருகவில்லை.

அதை வீட்டில் பெருமையாகச் சொன்னவள் நான்தான். சொந்தக்காரர்கள் வழியாக அது பன்வில தேயிலைத் தோட்டம்வரை போய், கொழுந்து பறிக்கும் ஒரு தாயை ஆய்வுகூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. கொழும்பில் வேலை செய்த மகன் அந்த நோயோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தான்.

"ஒரு போத்தல் தாங்க மிஸ். எம் புள்ள குடிக்கட்டும்."

"அம்மா, இது மருந்தில்லை. கண்ணாடிக் குழாய்க்குள்ள நடந்தது உடம்புக்குள்ள நடக்குமோ எண்டு எனக்கே தெரியாது. குடுக்கேலாது," என்றார் மிஸ்.

மிஸ் மேல் எனக்குக் கோபம். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் போத்தலோடு பன்வில பஸ் ஏறினேன்.

சாவடியில் போத்தலைக் கண்ட சிப்பாயிடம் மருந்து என்றேன். "அப்படியென்றால் குடி," என்றான் சிங்களத்தில். மூடியைத் திறந்து உதடுவரை கொண்டுபோனேன். குடிக்க முடியவில்லை. எனக்கே பயமானதை இன்னொருத்தி பிள்ளைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சாற்றைத் தெருவோரச் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு என்னைப் பிடித்து வைத்தார்கள்.

யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையோடு சாவடிப் பக்கமே போக அஞ்சும் மிஸ், அன்று செய்தி கேட்டுத் தானாகவே வந்தார். போத்தலைக் கொடுத்தனுப்பியது தான்தான் என்று பொய் சொன்னார். என்னை விட்டுவிட்டு அவரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர் ஏசவில்லை. "குடிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், குடிக்கப் பயந்ததையா இன்னொரு பிள்ளைக்குக் கொண்டுபோனாய் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மாதமே அடுத்த கடிதம் வந்தது. அளவு கொஞ்சம் கூடினால் பதினேழாம் சாறு நல்ல உயிரணுக்களையும் கொல்லும்.

மழைக்காலத்துக்கு முன்னே அந்த மகன் இறந்தான். மிஸ் நாட்டை விட்டே போய்விட்டார். இப்போது அந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிறார்கள்.

போன மாதம் கண்டி கூட்செட் பஸ் நிலையத்தில் அந்தத் தாய் என் கையைப் பிடித்தாள். "அன்னைக்கி அந்த மிஸ் ஒரு போத்தல் குடுத்திருந்தா எம் புள்ள பொழச்சிருப்பான்ல?"

"தெரியலம்மா," என்றேன்.

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்காகப் பொய் சொன்னவருக்காக, அந்தச் சாறு கொல்லவும் கூடியது என்ற ஓர் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.