மில்லிமீட்டர் கடைந்த அரைக்கோளங்கள்

உலகின் முதல் அணுகுண்டு எந்த வல்லரசிலும் உருவாகவில்லை. எங்கள் சின்ன நாட்டில், ஒரு டிராம் பட்டறையின் பின்கட்டில் உருவானது. அதன் உலோகத்தைக் கடைந்த லேத்துக்காரரை ஊரே 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடும். ரொட்டி வெட்டினால்கூட எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் அவருக்கு. "என்னையும் அளந்து பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டிருப்பாரு" என்பாள் மனைவி.

அவரை அந்த வேலையில் சேர்த்தவர் மனைவியின் அண்ணன், பட்டறையின் தலைமை இன்ஜினியர்.

"புது மாதிரி கொதிகலன் மாப்ள. இது ஓடிச்சுன்னா நாடு முழுக்க விளக்கெரியும்" என்றார். மச்சான் பேச்சுக்கு இவரிடம் மறுபேச்சு கிடையாது.

அந்த உலோகம் பொல்லாதது. கடையும்போது உதிரும் சுருள், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். எண்ணெயை விட்டுக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு அரைக்கோளங்களைக் கடைந்து முடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பான உத்தரவு.

ஆற்றுக்கு அக்கரை நாட்டோடு எல்லைத் தகராறு முற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பாலத்தில் பஸ் ஓடியது. அக்கரைத் துறைமுக நகரில்தான் அவருடைய ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். மச்சானின் மகளும், சித்தி என்று உறவு சொல்லி, அவள் வீட்டில் தங்கித்தான் மருத்துவம் படித்தாள்.

ஒருநாள் அந்தப் பெண் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியலன்னு அப்பா தந்தி அடிச்சாரு மாமா. வந்து பாத்தா அம்மா கல்லு மாதிரி இருக்காங்க. திரும்பப் போகவும் விடமாட்டேங்குறாரு!"

பெண்ணைப் பிரிந்திருக்க முடியாத அப்பன் என்று இவர் சிரித்தார்.

அந்த வாரமே வானொலி அறிவித்தது. ஒரே குண்டில் அக்கரைத் துறைமுக நகரமே இல்லாமல் போனது. இரண்டு பாதிகளை இணைத்துச் செய்த அதிசயம் என்று பட்டறையின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். மில்லிமீட்டர் செருப்புகூடப் போடாமல் மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

மச்சான் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"பொண்ணுக்குத் தந்தி அடிச்சீங்களே, என் தங்கச்சிக்கும் ரெண்டு வார்த்தை எழுத உங்களுக்குக் கை வரலையா?"

"எல்லாரையும் கூப்பிட்டா சந்தேகம் வரும் மாப்ள. விஷயம் கசிஞ்சா என்னைச் சுட்டிருப்பாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

மச்சான் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "சொல்லியிருந்தா நீங்க கடைஞ்சிருக்க மாட்டீங்க."

உள்ளறைக் கதவோரம் நின்றிருந்த மகள் அதைக் கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த ஜோடிக்கான உலோகம் வந்தபோது மில்லிமீட்டர் லேத்தைத் தொட மறுத்தார். சிறையில் போட்டார்கள். அந்த வருஷங்களில் அண்ணன் அனுப்பிய சாமான்களை எல்லாம் மனைவி அப்படியே திருப்பியனுப்பினாள். வெளியே வந்த பிறகு அவர் தண்ணீர் பம்பு பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தார்.

பிழைத்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க அக்கரைக்குப் போயிருந்த அந்தப் பெண் ஒருமுறை வந்தாள்.

"சித்தி வீட்டைத் தேடினேன் மாமா. தெருவே தெரியல."

அவர் வெகுநேரம் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரசு மரியாதையோடு மச்சானின் சவம் கிடந்த அன்று, மனைவியை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். தான் உள்ளே போகவில்லை. அவள் போன சுருக்கில் வெளியே வந்தாள்.

"பாத்துட்டேன். வாங்க, போலாம்."